டார்ச் அடித்துப் பார்ப்பதை நிறுத்திய கதை

பாதுகாப்பில்லாத உறவு ஒன்று நடந்து இரண்டு வாரம் இருக்கும், ஆணுறுப்புத் தோலில் வெளிர் மஞ்சளாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருப்பதைக் கவனித்தேன், அவ்வளவுதான், அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது டார்ச் அடித்துப் பார்ப்பேன், விரலால் அழுத்துவேன், போட்டோ எடுத்து நேற்றைய போட்டோவோடு ஒப்பிடுவேன், அப்புறம் கூகுளில் மரு, ஹெர்பிஸ், சிபிலிஸ் என்று பால்வினை நோய்களைப் படம் படமாகத் தேடுவேன். எல்லாமே என்னுடையது மாதிரியே தெரிந்தது. அழுத்தி அழுத்தித் தோல் சிவந்ததைக்கூடப் புது அறிகுறி என்றே நம்பினேன்.

ஐந்தாவது வாரம்தான் தோல், பால்வினை நோய் மருத்துவரிடம் போனேன். பார்த்தவுடனே ஃபோர்டைஸ் புள்ளிகள் என்றார். தோலில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள்தான் அப்படித் தெரிகின்றன, தொற்று இல்லை, சிகிச்சையும் வேண்டாம். ஆனால் சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காமல் வந்து தானாகவே ஆறிவிடும், அதனால் கண்ணால் பார்த்து முடிவு கட்டாமல் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்றார். அன்றே செய்தேன், சில தொற்றுகள் ரத்தத்தில் தெரிய நாளாகும் என்பதால் உறவு நடந்து 90 நாள் ஆனதும் மறுபடியும் செய்தேன். இரண்டும் நெகட்டிவ்.

பயம் மட்டும் போகவில்லை. ரிசல்ட் வந்த மூன்றாம் நாளே டார்ச்சை எடுத்துவிட்டேன்! சரி, புள்ளியைவிட இந்தப் பழக்கம்தான் என்னை வதைக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. போட்டோக்களை எல்லாம் அழித்தேன், தேடுவதை விட்டேன், பார்க்கத் தோன்றினால் பதினைந்து நிமிடம் தள்ளிப்போட்டேன், பாதி நேரம் அதற்குள் அந்தத் துடிப்பே அடங்கிவிடும். முதல் வாரம் ரொம்பக் கஷ்டம். புள்ளிகள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன, நான் தூங்குகிறேன்.