டொலர்க் கடனை ரூபாயால் அளக்கலாமா? அரசின் வெளிநாட்டுக் கடன் குறித்துத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசாங்கம் அறிவித்தபோது, யாழ்ப்பாணத்தில் வாசிகசாலை தொடக்கம் ரியூசன் வகுப்பு வரை எல்லா இடத்திலும் எழுந்த கேள்வி ‘நாடு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது?’ என்பதுதான். இன்றும் உயர்தரப் பொருளியல் மாணவர் பலர் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகின்றனர். ஆனால் ஜப்பான் அரசின் கடன் அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அது முறியவில்லை, ஏனெனில் அந்தக் கடன் ஏறக்குறைய முழுவதும் சொந்த நாணயமான யென்னில் பட்ட கடன். ஆகவே கடனின் தொகையை மட்டும் பார்த்து ஒரு நாட்டின் நிலையைத் தீர்மானிப்பது முதல் தவறு. எந்த நாணயத்தில் வாங்கப்பட்டது, எந்தத் தவணையில் திரும்பவேண்டும், எந்த வருமானத்தை நம்பி வாங்கப்பட்டது என்பவற்றைக் கேட்டால்தான் தொகைக்குப் பொருள் கிடைக்கும்.

இதிலிருந்தே அடுத்த தவறும் பிறக்கிறது. ‘வரியை ஒழுங்காக அறவிட்டிருந்தால் கடனைக் கட்டியிருக்கலாம்’ என்று பலரும் சொல்வர். அதில் பாதி உண்மை இருக்கிறது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்குக் குறைத்ததும், ஏனைய வரிகளில் கைவைத்ததும் அரச வருமானத்தைச் சரித்தன. அதைப் பார்த்து, நாடுகளின் கடன் திருப்பும் தகுதியை மதிப்பிடும் தரப்படுத்தல் நிறுவனங்கள் 2020இல் இலங்கையின் தரத்தைக் கீழிறக்க, புதிய கடன் கொடுக்கச் சர்வதேசச் சந்தையில் ஆளில்லாமற் போயிற்று. ஆயினும் திறைசேரி வரியாகச் சேர்ப்பது ரூபாய். நியூயோர்க்கில் கட்டவேண்டியது டொலர். வரியால் நிரம்பிய பெட்டியை வைத்துக்கொண்டு அரசு சந்தைக்குப் போய் டொலர் வாங்கவேண்டும். அந்த டொலரை ஏற்றுமதியாளரோ, சுற்றுலாப் பயணியோ, வெளிநாட்டில் உழைத்து அனுப்புபவரோ முதலில் நாட்டுக்குள் கொண்டுவந்திருக்கவேண்டும். மத்திய வங்கி ரூபாய் அச்சிடலாம், டொலர் அச்சிட முடியாது. அச்சிட்ட ரூபாய் இறக்குமதிக்கான தேவையைக் கூட்டி, இருக்கும் டொலரையும் கரைத்துவிடும் என்பதை 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளும் காட்டின.

இனி வட்டிக்கு வருவோம். இங்குதான் படித்தவர்களும் அதிகம் தடுமாறுகின்றனர். 2012 ஜூலையில் இலங்கை 1 பில்லியன் டொலருக்கு, 5.875 சதவீத வட்டியில், பத்தாண்டு முதிர்வுடைய சர்வதேச இறைமைப் பிணைமுறி ஒன்றை, அதாவது அரசு வெளிநாட்டு முதலீட்டாளரிடம் கடன் வாங்கி எழுதிக்கொடுக்கும் பத்திரத்தை (சுருக்கமாக முறி), வெளியிட்டது. அக்காலத்தில் உள்நாட்டில் ரூபாயில் கடன் வாங்குவதாயின் அரசு இரட்டை இலக்க வட்டி கொடுக்கவேண்டியிருந்தது. எனவே ஆறு சதவீதத்துக்கும் குறைந்த டொலர் வட்டி மலிவாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அன்று டொலர் ஒன்று சுமார் 130 ரூபாய். ஆண்டுக்குச் செலுத்தவேண்டிய 58.75 மில்லியன் டொலர் வட்டி ஏறத்தாழ 7.6 பில்லியன் ரூபாய். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பின், அதாவது அதன் விலையைச் சந்தையே தீர்மானிக்க விட்ட பின், ஒரு டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது, அதே வட்டி 21 பில்லியன் ரூபாய்க்கும் மேலாகிவிடும். கடனாக வாங்கிய முதல் தொகை 130 பில்லியனிலிருந்து 360 பில்லியன் ஆகிவிடும். ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வட்டி வீதங்களை அருகருகே வைத்து ஒப்பிடுபவர்கள், நாணயம் தேயும் வேகத்தையும் வட்டியோடு சேர்த்துக் கூட்டாவிட்டால், மலிவென்று நினைத்து விலை கூடியதை வாங்கிவிடுவர்.

இந்தத் தேய்வு கடன் புத்தகத்தோடு நிற்பதும் இல்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரமும், குருநகர்க் கடற்றொழிலாளியின் படகு இயந்திரமும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெயின் விலை 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் 340 ரூபாயாக்கப்பட்டது. உலகச் சந்தை விலையும், அதுவரை மறைவில் இருந்த மானியமும் அந்த ஏற்றத்தில் கலந்திருந்தன என்பது உண்மையே. ஆனால் ரூபாய் ஏறக்குறைய பாதி மதிப்பை இழந்திராவிட்டால் ஏற்றம் அவ்வளவு கொடியதாக இருந்திராது. டொலரில் ஒரு சதமும் கடன் வாங்காத மனிதரின் தோட்டத்து வரவுசெலவுக்குள் டொலர்க் கடன் நுழையும் வழி இதுதான்.

மேலே சொன்ன பிணைமுறியையே இன்னும் சற்று உற்றுப் பார்க்கலாம். அதன் முதல் தொகை பத்தாண்டுகளில் தவணை தவணையாகக் கழிவதில்லை. 2022 ஜூலை 25ஆம் திகதி, ஒரே நாளில், முழு 1 பில்லியனையும் வைக்கவேண்டும். நகையை அடைவு வைத்தவர் ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டி, தவணை முடியும்போது மறு அடைவு வைத்துச் சமாளிப்பதைப் போல, இத்தகைய முறிகளை எடுத்த நாடுகள் பழைய முறி முதிரும் நாளில் புதிய முறியை விற்றே மீள்கின்றன. வாங்க ஆளிருக்கும்வரை அதில் சிக்கல் தெரியாது. எனவே ‘இந்த ஆண்டு எவ்வளவு வட்டி?’ என்று மட்டும் பார்த்து, முதிர்வுத் திகதிகள் எந்த ஆண்டுகளில் குவிந்திருக்கின்றன என்று பாராதிருப்பது பெருந்தவறு. இலங்கை தன் முதலாவது சர்வதேச முறியை 2007இல் 500 மில்லியன் டொலருக்கு வெளியிட்டது. 2022இல் வங்குரோத்தானபோது நிலுவையில் இருந்த முறிகள் ஏறத்தாழ 12.5 பில்லியன் டொலர். நாடு நடுத்தர வருமான நிலைக்கு உயர்ந்ததனால் வட்டி குறைந்த சலுகைக் கடன்கள் சுருங்க, அந்த இடத்தைச் சந்தைக் கடன் நிரப்பியது. அந்த மாற்றத்தை அந்நாட்களில் வளர்ச்சியின் அடையாளமாகவே கொண்டாடினோம்.

2022 ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் முறியொன்றை அரசு முழுதாகக் கட்டியது. கட்டவேண்டாம், அந்த டொலரை எரிபொருளுக்கும் மருந்துக்கும் வைத்துக்கொண்டு மறுசீரமைப்புக்கு, அதாவது கடன் நிபந்தனைகளைக் கடன்கொடுத்தோருடன் பேசி மாற்றுவதற்குப், போங்கள் என்று பொருளியலாளர் பலர் அப்போதே எழுதினர். ஒரு நாளும் தவறாமல் கட்டிய நாடு என்ற பெயரைக் காக்கவேண்டும் என்பது எதிர்வாதம். மூன்று மாதத்தில் பெயரும் போயிற்று, டொலரும் போயிற்று. முறிவது உறுதியாகத் தெரிந்த பின்னும் மறுசீரமைப்பைத் தள்ளிப்போடுவது கடன்பட்ட அரசுகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு என்பதே என் கணிப்பு.

ஒப்பந்தத்தின் சட்டப்பகுதியைப் படிக்காமல் விடுவதும் விலை கூடிய தவறுதான். அந்த 2012ஆம் ஆண்டு முறியில் கால்பங்கை, அதாவது 250 மில்லியன் டொலருக்கு மேல், கையில் வைத்திருந்த ஹமில்ட்டன் ரிசேர்வ் வங்கி, 2022 ஜூனில் இலங்கைக்கு எதிராக நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்த முறியின் நிபந்தனைகளை மாற்றுவதற்கு, அதன் தொகையில் 75 சதவீதத்தை வைத்திருப்போரின் சம்மதம் வேண்டும். ஆகவே கால்பங்குக்குச் சற்று மேல் வைத்திருக்கும் ஒருவர் தனித்தே தடுக்கலாம். எல்லா முறிகளையும் ஒன்றாகத் திரட்டி வாக்கெடுக்க இடமளிக்கும் புதிய வகைச் சரத்து அதில் இல்லை.

திட்டத்துக்கும் கடனுக்கும் இடையிலான பொருத்தத்தைப் பாராதிருப்பது இன்னொரு வகை. ஓமந்தையிலிருந்து காங்கேசன்துறை வரையான ரயில் பாதை இந்தியக் கடன்வசதியில் மீளமைக்கப்பட்டது; 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. நாம் வாங்கும் ரிக்கெற்றின் பணம் ரூபாய். அந்தப் பாதை நேரடியாக ஒரு டொலரும் ஈட்டாது. அதற்காகப் பாதை போட்டிருக்கக்கூடாது என்பதில்லை. நேரடியாக அந்நியச் செலாவணி தராத பாதை, நீர்வழங்கல், பாடசாலை போன்றவற்றுக்கு வட்டி குறைந்த நீண்டகாலக் கடன் பொருந்தும். பத்தாண்டில் மொத்தமாகத் திரும்பக் கேட்கும் சந்தைக் கடன் பொருந்தாது.

இதனோடு ஒட்டி, நம்மூரில் நன்கொடையையும் கடனையும் ஒன்றாகப் பேசும் வழக்கம் இருக்கிறது. பொது நூலகத்துக்கு அருகில் எழுந்திருக்கும் கலாசார மண்டபம் இந்தியாவின் நன்கொடை. ரயில் பாதை கடன். காங்கேசன்துறைத் துறைமுகப் புனரமைப்போ கடனாகத் தொடங்கி, 2024இல் முழுச் செலவையும் தானே ஏற்பதாக இந்தியா அறிவித்ததும் நன்கொடையாயிற்று. மூன்றையும் அறிவித்தபோது ஒரே மாதிரித்தான் கைதட்டினோம்.

இனி யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த விடயம் ஒன்று. ரூபாயின் மதிப்பை அதிகாரத்தால் பிடித்துவைத்தால் கடன் சுமை குறையும் என்ற நம்பிக்கை 2021இல் மத்திய வங்கியிடமே இருந்தது. டொலரை 200 ரூபாயை ஒட்டி நிறுத்தினர்; ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருந்து அனுப்புபவர்களுக்கு உண்டியல்காரர் அதைவிடக் கணிசமாகக் கூட்டிக் கொடுத்தனர். உண்டியலில் நடப்பது எளிது: அங்குள்ள உறவினர் கனடா டொலரை அங்குள்ள முகவரிடம் கொடுப்பார், இங்குள்ள முகவர் தொலைபேசியில் எண்ணைக் கேட்டுச் சரிபார்த்து ரூபாயை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார். வெளிநாட்டு நாணயம் நாட்டின் வங்கிகளுக்குள் வருவதே இல்லை. தாய்க்கு மருந்து வாங்க அனுப்பும் மகன் கூடிய விலை தருபவரிடம் போனதைக் குற்றமாகச் சொல்ல என்னால் முடியாது. 200க்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை உருவாக்கியவர் அவர் அல்லர். வங்கி வழியாக வந்த பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5 பில்லியன், 2022இல் 3.8 பில்லியன். கடனைக் கட்டவேண்டிய நாணயத்தின் மிகப்பெரிய ஊற்றுகளில் ஒன்றை, கடனை மலிவாகக் காட்டும் முயற்சியே அடைத்துவிட்டது. விலை மிதக்கவிடப்பட்டு, உண்டியலுக்கும் வங்கிக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கியதும், அந்தப் பணம் மெல்ல மெல்ல வங்கிகளுக்குத் திரும்பியது.

வெளிநாட்டு ஒதுக்குகளின், அதாவது மத்திய வங்கி கையிருப்பில் வைத்திருக்கும் வெளிநாட்டு நாணயத்தின், அளவைத் தலைப்போடு நம்பிவிடுவதும் தவிர்க்கவேண்டியது. 2021 மார்ச்சில் சீன மக்கள் வங்கியுடன் 10 பில்லியன் யுவான், அதாவது சுமார் 1.5 பில்லியன் டொலர், பரிமாற்று வசதி (இரு மத்திய வங்கிகள் தத்தம் நாணயத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு) செய்துகொள்ளப்பட்டு, பின்னர் ஒதுக்குகளில் சேர்த்துக் காட்டப்பட்டது. மூன்று மாத இறக்குமதிக்குப் போதிய ஒதுக்கு இருந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம் என்பது நிபந்தனை. அவ்வளவு ஒதுக்கு இருக்கும் நாட்டுக்கு அது அவசரமாகத் தேவைப்படாது. 2022 மேயில் கையில் எடுத்துச் செலவிடக்கூடியது 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று அப்போதைய நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் சொல்லும்வரை, பத்திரிகைகளில் பில்லியன்களே அச்சாகிக்கொண்டிருந்தன. மத்திய வங்கி மாதந்தோறும் வெளியிடும் எண்ணைப் பார்ப்பவர், அதனடியில் சிறிய எழுத்தில் உள்ள குறிப்பையும் வாசிக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் சீனாவே காரணம் என்று முடித்துவிடுவோரும் உண்டு. வங்குரோத்தானபோது வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. சந்தை முறிகளின் பங்கு அதைவிடப் பெரிது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனமொன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டுப் பெற்ற 1.12 பில்லியன் டொலர், துறைமுகம் கட்டிய கடனைத் தீர்க்கவுமில்லை. அக்கடன் அரசின் கணக்கிலேயே நின்றது.

மறுசீரமைப்பை மன்னிப்பாக எண்ணுவது இன்றைக்கு அதிகம் காணப்படும் தவறு. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது; 2024 ஜூனில் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகியன இணைத்தலைமை வகித்த கடன்கொடுநர் குழுவுடனும் சீனாவின் எக்சிம் வங்கியுடனும் உடன்பாடு ஏற்பட்டது; 2024 டிசம்பரில் பழைய முறிகளில் மிகப் பெரும்பகுதி புதிய முறிகளாக மாற்றப்பட்டது. இதற்கிடையில், வெளிநாட்டுக் கடன் வெளிநாட்டவரின் பாடு என்று இருந்தவர்களையும் சுமை தொட்டது: 2023இல் ஊழியர் சேமலாப நிதியின் திறைசேரி முறிகளும் மாற்றப்பட்டு, 2025 வரை 12 சதவீதமும் அதன் பின்னர் 9 சதவீதமும் வட்டி என்றாயிற்று. அந்தத் தொழிலாளர் சேமித்தது ரூபாயில்.

இரு தரப்புக் கடன்களின், அதாவது பிற நாட்டு அரசுகளிடம் வாங்கிய கடன்களின், முதல் தொகையைச் செலுத்துவது 2028இல் மீண்டும் தொடங்கும். புதிய முறிகளில் ஒரு பகுதி, 2025 முதல் 2027 வரையான மூன்று ஆண்டுகளின் மொத்த உள்நாட்டு உற்பத்தியை டொலரில் கணித்து, அது குறித்த எல்லைகளைத் தாண்டினால் கட்டவேண்டிய தொகை கூடும்படியும், தாழ்ந்தால் குறையும்படியும் எழுதப்பட்டிருக்கிறது. டொலரில் கணிக்கப்படுவதால், உற்பத்தி பெரிதாக வளராமல் ரூபாய் மட்டும் வலுவடைந்தாலும் அந்த எண் உயரும். எனவே ரூபாய் உறுதியாக இருக்கிறது என்ற செய்தியை இப்போது வாசிப்பவர், 2028இன் கட்டணப் பட்டியலையும் பக்கத்தில் வைத்தே வாசிக்கவேண்டியிருக்கிறது.