டேங்க் டு டேங்க்: பெரிய செடான்ல உண்மையான மைலேஜ் பாக்குறது எப்படி

மெர்சிடிஸ் ஈ கிளாஸ், பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் மாதிரி வண்டி வச்சிருக்கவங்க டிஸ்ப்ளேல காட்டுற மைலேஜை அப்படியே நம்பாதீங்க. ஏஆர்ஏஐ (வண்டிகளை டெஸ்ட் பண்ணி சர்டிஃபிகேட் தர்ற அமைப்பு) சொல்ற மைலேஜ் நம்பரும் லேப்ல ரோலர் மேல ஓட்டி எடுத்தது, அதுல டாப் ஸ்பீடே 90தான், நம்ம பைபாஸ்ல யாரு 90ல போறா சொல்லுங்க.

முதல்ல டயர்ல காத்து செக் பண்ணிட்டு (எவ்ளோ காத்துன்னு கதவு தூண்லயோ டேங்க் மூடிக்கு உள்பக்கமோ ஸ்டிக்கர் இருக்கும்) பங்க்ல ஆட்டோ கட் ஆகுற (பம்ப் தானா நிக்கிற) வரைக்கும் ஃபுல் பண்ணுங்க, பசங்க ரவுண்டா போடவான்னு கேப்பாங்க, வேணாம்னு சொல்லிடுங்க, ஏன்னா அந்த எக்ஸ்ட்ராதான் கணக்கையே கெடுக்கும். ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க. ஒரு 400 கிலோமீட்டராவது ஓட்டிட்டு, முடிஞ்சா அதே பங்க், அதே பம்ப்ல திரும்ப ஆட்டோ கட் வரைக்கும் அடிங்க. ஓடின கிலோமீட்டரை இப்ப அடிச்ச லிட்டரால வகுத்தா முடிஞ்சுது.

என் டீசல் வண்டில 412 கிலோமீட்டருக்கு 31.6 லிட்டர் அடிச்சேன், 13.04 வந்துச்சு, டிஸ்ப்ளேல 14.1ன்னு பெருமையா காட்டிட்டிருந்துச்சு. ஓஎம்ஆர் சிக்னல்ல ஓட்டுனது தனி, வேலூர் ஹைவே தனின்னு எழுதி வைங்க, ரெண்டையும் கலந்தா ஒண்ணும் புரியாது. ஒரு தடவை பாத்தா போதாது, மூணு டேங்காவது பாருங்க.