பழைய வான்கூவர் ஓட்டல் தெருவைக் கிருஷ்ணகிரியில் இருந்தே பார்ப்பது எப்படி

ஓட்டல் தொழிலில் இருப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய தெரு, கனடாவில் வான்கூவர் நகரத்து ஈஸ்ட் ஹேஸ்டிங்ஸ். அதுவும் 1950-களில் இருந்தபடி. பழையபேட்டையில் மெஸ் நடத்தும் நான், ராத்திரி கல்லாவை எண்ணி முடித்த பிறகு போனில் அந்தத் தெருவுக்குப் போய்விடுவேன்.

முதலில் வான்கூவர் நகர ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் தெருப் பெயரை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். பழைய படங்கள் வரும். வருடம் தெரியாத படமா? டிராம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது 1955 ஏப்ரலையோ அதற்கு முந்தைய காலத்தையோ சேர்ந்தது. அந்த மாதத்தோடு அங்கே டிராம் நின்றுவிட்டது. தலைக்கு மேலே போகும் கம்பியை மட்டும் நம்ப வேண்டாம், தண்டவாளம் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் டிராலி பஸ்ஸுக்கும் கம்பி உண்டு. கலர் படம் வேண்டுமென்றால் ஃபிரெட் ஹெர்சாக் பெயரைத் தேடுங்கள். 1953-ல் அந்த ஊருக்கு வந்து, கடைவீதியையும் நியான் போர்டுகளையும் கோடாக்குரோம் என்ற கலர் ஃபிலிம் ஸ்லைடில் எடுத்தவர்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. 1860 முதல் 1955 வரையிலான ஊர் டைரக்டரிகளை வான்கூவர் பொது நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் தெருவாரிப் பகுதியைத் திறந்தால், எந்தக் கதவு எண்ணில் யார், என்ன கடை என்று வரிசையாக இருக்கும். 251-ஐப் பிடியுங்கள். 1942-ல் திறந்த ஓவல்டீன் கஃபே அங்கேதான். அதோடு நிறுத்தாமல் மாடியில் என்ன, பக்கத்துக் கதவில் என்ன என்று படியுங்கள். லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, மறுபடி லாட்ஜ். காட்டில் மரம் வெட்டுபவர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் சமையலறை இல்லாத ஒற்றை ரூமில் தங்கிய பகுதி அது. மூன்று வேளையும் கீழே இறங்கித்தான் சாப்பிட வேண்டும். தனியாக வருகிறவருக்கு எதற்கு நாலு பேர் மேஜை? அதனால்தான் அந்தக் கடைகளில் நீளமான கவுன்ட்டரும் ஸ்டூல் வரிசையும். நம் பஸ் ஸ்டாண்டு லாட்ஜுகளைச் சுற்றி மெஸ்கள் பிழைப்பதும் இதே கணக்கில்தான்.

டைரக்டரியை முழுசாக நம்பிவிடாதீர்கள். பழைய பதிப்புகள் சிலவற்றில், சீனர்கள் குடியிருந்த கதவு எண்ணுக்கு நேராகப் பெயரே இருக்காது. ‘ஓரியண்டல்ஸ்’ (கீழை நாட்டவர்) என்று மட்டும் போட்டிருப்பார்கள். 1947 வரை அவர்களுக்கு அந்த மாகாணத்தில் ஓட்டுரிமையும் கிடையாது. அப்படிப்பட்ட எண் வந்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. திரும்பவும் ஆவணக் காப்பகப் படத்துக்குப் போய், அதே கதவைப் பெரிதாக்கி, கடை போர்டில் பெயர் தெரிகிறதா என்று தேடுங்கள். தெரிந்தால் வருடத்தோடு நோட்டில் எழுதி வையுங்கள்.