பழைய தேக்குப் பெஞ்சுக்கு மறுபடி உயிர் கொடுப்பது எப்படி?

நீளப் பலகை, வெளிப்பக்கம் சாய்ந்து அடியில் ஒடுங்கும் நான்கு கால்கள். 1950, 60களின் பாணியில் செய்த வாசல் பெஞ்சைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். வீடு மாறுகிறவர்கள் இதைக் கீழ்த்தளத்தில் போட்டுவிட்டுப் போனால் எனக்கு மனசு கேட்காது. முதல் தடவை செய்பவரும் இதைத் தேற்றிவிடலாம்.

முதலில் கவிழ்த்துப் பாருங்கள். குண்டூசித் தலையளவு துளைகளிலிருந்து மாவு மாதிரித் தூள் உதிர்ந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது, வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து பலகையின் ஓரம். மேலே ஓடும் ரேகை ஓரத்திலும் இறங்கித் தொடர்ந்தால் முழு மரம். மெல்லிய கோடாகத் தனி அடுக்கு தெரிந்தால் வெனீர், அதாவது வேறு பலகைமேல் ஒட்டிய மெல்லிய தேக்குத் தகடு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. என் முதல் பெஞ்சில் இதைப் பார்க்காமல் 80ஆம் எண் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தேன் (எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும்). உள்ளங்கை அகலத்துக்குத் தேக்கு போய், அடிப்பலகை வெளுப்பாக எட்டிப்பார்த்தது. இன்னும் வருத்தம்தான். வெனீர் என்றால் 180இல் தொடங்குங்கள், கையால் மட்டும்.

ஆடும் காலுக்கு ஆணி அடிக்காதீர்கள், மரம் பிளக்கும். காலைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. அசிட்டோனால் துடைத்த கையோடு மரப்பசை பூசி, கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) போட்டு ஒரு நாள் விடுங்கள்.

முழு மரத்துக்கு 120, 180, 240 என்று போங்கள், ரேகை ஓடும் திசையிலேயே. முகக்கவசம் கட்டாயம். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள்: சாம்பல் பூத்த பலகை சட்டென்று தேன் நிறத்துக்கு வரும், எங்கே பசை ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் வெளுப்பாக நிற்கும். அந்த இடங்களை மறுபடி தேயுங்கள்.

நன்கு காய்ந்ததும் டேனிஷ் ஆயிலை (மரத்துக்குள் ஊறி இறுகும் எண்ணெய்க் கலவை) மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடையுங்கள். நாளுக்கு ஒன்றாக மூன்று பூச்சு. நம் ஊர் ஈரக்காற்றில் பிசுபிசுப்பு போகாவிட்டால் இன்னொரு நாள் பொறுங்கள்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக் குழாயில் போடவே போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

பெஞ்சைக் கதவுக்கு உள்பக்கமே போடுங்கள். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி நடைபாதை, தீ விபத்தில் எல்லோரும் தப்பிக்கும் வழி, அங்கே 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும்.