வாவிக்கரைக் கண்டல் பற்றிச் சிறுவருக்கு ஒரு படநூல்: செய்யும் முறை

முதலில் பொருளைச் சுருக்குங்கள். “மட்டக்களப்பு வாவி” என்று தலைப்பு வைத்தால் மீன், பறவை, நண்டு, தோணி, பாலம் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரு வரிதான் வரும். கல்லடியிலோ காத்தான்குடியிலோ வளரும் பிள்ளைக்கு அந்த ஒரு வரி ஏற்கெனவே தெரியும். வாவிக்கரைச் சேற்றில் வளரும் கண்டல் மரத்தின் வேரை மட்டும் எடுத்துக்கொண்டால் 16 பக்கமும் போதாமல் போகும். அப்படிப் போதாமல் போகும் பொருளே நல்ல பொருள். இந்த வழிகாட்டி அந்த வேரையே உதாரணமாக வைத்துப் போகிறது. வாசகர் தரம் 3 முதல் 5 வரையுள்ள பிள்ளைகள். அந்த வகுப்புகளில் விஞ்ஞானம் தனிப் பாடமல்ல, “சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்” என்ற பாடத்துக்குள்ளேயே வருகிறது. ஆகவே ஒளித்தொகுப்பு, பிரசாரணம் போன்ற சொற்களை அவர்களுக்குத் தெரிந்தவையாக எண்ணி எழுதக்கூடாது.

மாதிரிக் கொப்பி

ஒரு வரி எழுதுவதற்கு முன்பே மாதிரிக் கொப்பியைச் செய்துவிடுங்கள். நான்கு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 16 பக்கங்கள். பக்க எண்களைப் பென்சிலால் போட்டுவிட்டுத் தாள்களைப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளில் 16உம் 1உம் ஒரு முகத்தில், 2உம் 15உம் மறுமுகத்தில் இருக்கும். ஒரே முகத்தில் வரும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17. நடுவில் கம்பி அடிக்கும் நூலின் பக்கங்கள் நான்கின் மடங்காகவே இருக்க வேண்டும். 18 பக்கம் எழுதிக்கொண்டு அச்சகத்துக்குப் போனால் இரண்டு வெற்றுப் பக்கங்களுக்கும் காசு கொடுப்பீர்கள்.

8உம் 9உம் மட்டுமே அடுத்தடுத்த எண்களாக ஒரே தாளின் ஒரே முகத்தில் வருபவை. மற்ற எதிர்ப்பக்கங்கள் இரண்டு வெவ்வேறு தாள்களில் அச்சாகி, மடிக்கும்போதுதான் சந்திக்கின்றன. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் விலகல் சாதாரணம். 4–5இல் ஒரே கிளையை இரு பக்கமும் ஓடவிட்டால் நடுவில் கிளை முறிந்தது போல நிற்கும். பெரிய படத்தை, அதாவது தண்ணீருக்கு மேலும் கீழும் மரத்தை வெட்டிக் காட்டும் படத்தை, 8–9க்கே ஒதுக்குங்கள்.

இப்படிப் பங்கிடலாம்: 1 தலைப்பு, 2 வெளியீட்டு விபரம், 3 வரைபடம், 4–5 வேர் ஏன் வெளியே நிற்கிறது, 6–7 கண்டல் மரமும் கண்ணா மரமும், 8–9 பெரிய படம், 10–11 மரத்திலேயே முளைக்கும் விதை, 12–13 வேருக்குள் வாழ்பவை, 14–15 செய்து பார், 16 சொல் விளக்கம். வரைபடத்தில் வடக்கு மேலே இருந்தால் கடலும் கிழக்குக் கரையான எழுவான்கரையும் வலப்பக்கம், மேற்குக் கரையான படுவான்கரை இடப்பக்கம். சூரியனையும் வரைவதென்றால் காலைச் சூரியன் கடற்பக்கம்தான்.

களத்தில்

வேரை வரைய ஆடி மாதத்தை ஒட்டிய வறட்சிக் காலம் நல்லது. இந்தக் கரையில் கடலின் ஏற்றவற்றம் சிறியது. வாவி நீர்மட்டத்தைப் பெரிதாக மாற்றுவது வடகீழ்ப் பருவமழையும் முகத்துவாரம் திறந்திருப்பதும் அடைபட்டிருப்பதுமே. மார்கழியில் போனால் வேரின் பெரும்பகுதி நீருக்குள் இருக்கும். காணாததைக் கற்பனையில் வரைய நேரும்.

ஒரு வெள்ளை மட்டை, 30 சென்ரிமீற்றர் அடிமட்டம், பென்சில், கொப்பி போதும். வேருக்குப் பின்னால் மட்டையைப் பிடித்து, அடிமட்டமும் தெரிய, முன், பக்கம், மேல் என மூன்று கோணத்தில் போட்டோ எடுங்கள். காலை 7 முதல் 9 மணி வரையான வெளிச்சம் சாய்ந்து விழுவதால் மரப்பட்டையின் சொரசொரப்புத் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். பிள்ளைகளைக் கூட்டிச் சென்றால் தில்லை மரத்தை முதலிலேயே காட்டிவிடுங்கள். கிளையை ஒடித்தால் வரும் பால் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

படம்

இந்த வகை நூலில் படம்தான் பாடம். எழுத்துப் பிழையைப் பிள்ளை மறந்துவிடும். பிழையான படம் பெரியவரான பிறகும் மனத்தில் நிற்கும். அடிக்கடி காணும் பிழைகள் சில.

இறாலையும் நண்டையும் சிவப்பாக வரைவது. அது சட்டியில் வெந்த நிறம். ஓட்டிலுள்ள சிவப்பு நிறப்பொருள் உயிருள்ளபோது ஒரு புரதத்துடன் கட்டுண்டு கிடக்கிறது. சூடு பட்டுப் புரதம் குலையும்போதுதான் சிவப்பு வெளித்தெரிகிறது. உயிருள்ள இறால் சாம்பல் கலந்த பச்சை, ஓரளவு ஒளி ஊடுருவும். சேற்று நண்டு கரும்பச்சை அல்லது மண்ணிறம். நண்டின் கால்களை எண்ணுங்கள்: கவ்விகள் இரண்டையும் சேர்த்து 10 இருக்க வேண்டும். பூச்சியின் ஆறு கால்களும் நெஞ்சுப் பகுதியிலிருந்தே புறப்படும், வயிற்றிலிருந்து அல்ல.

இணையத்தில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால் இன்னொரு வகைப் பிழை நுழையும். யானை ஆபிரிக்க யானையாகிவிடும்: பெரிய காது, ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம். கல்லோயாவில் காணும் யானைக்குக் காது சிறியது. ஆண்களிலும் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் இல்லை. பிறை நிலவும் அப்படியே. தூர வடக்கு நாடுகளின் நூல்களில் அது நிமிர்ந்து நிற்கும். நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8 பாகை வடக்கே இருக்கும் நமக்கு அது பெரும்பாலும் மல்லாந்து கிடக்கும்.

கண்டலில் மிகப் பொதுவான பிழை, இரண்டு மரத்தின் வேர்களை ஒரே மரத்தில் ஒட்டுவது. அடிமரத்திலிருந்து வளைந்து இறங்கி மரத்தைத் தாங்குபவை கண்டலின் வேர்கள், அதாவது றைசோபோராவின் முண்டுவேர்கள். சேற்றிலிருந்து மேல்நோக்கி நெட்டாக நிற்பவை கண்ணாவின், அதாவது அவிசென்னியாவின் மூச்சுவேர்கள். 6–7ஆம் பக்கம் இந்த வேறுபாட்டுக்காகவே.

அச்சு அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து சுருக்குங்கள். கை நடுக்கம் மறையும். ஆனால் கோடு சுருங்கி மெலிந்துவிடும் என்பதால் 0.3 மில்லிமீற்றரிலும் மெல்லிய பேனை வேண்டாம். நீர்வர்ணத்துக்குச் சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள தாள். சாதாரண ஏ4 தாள் ஈரத்தில் நெளிந்து, ஸ்கேன் செய்யும்போது நிழல் விழும். தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் ஓரங்கள் வளையும், வெள்ளை மஞ்சளாகும். அச்சளவில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்க வேண்டும். ஏ5 முழுப்பக்கத்துக்கு அது 1748க்கு 2480 புள்ளிகள்.

ஊரி என்னும் அரை அங்குல நத்தையையும் உள்ளங்கை அகல நண்டையும் ஒரே பருமனில் வரைந்தால் பிள்ளை இரண்டும் ஒரே பருமன் என்றே நம்பும். ஒவ்வொன்றின் அருகிலும் அளவுக்கோடு போடுங்கள். பெயர்களைப் படத்திலேயே கையால் எழுதாதீர்கள். பிழை திருத்தவும், பின்னர் சிங்களப் பதிப்புக் கொண்டுவரவும் அது இடைஞ்சல். சுட்டும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல், உறுப்பின் மேலேயே முடிய வேண்டும்.

எழுத்து

ஒரு பக்கத்துக்கு 40 முதல் 60 சொற்கள். படத்தில் தெரிவதில் தொடங்கி, தெரியாத காரணத்துக்குப் போங்கள். “கண்ணா மரத்தின் மூச்சுவேர்கள் வளிமண்டல ஒட்சிசனை உள்ளெடுக்கும் பொருட்டு மேல்நோக்கி வளருகின்றன” என்பதைப் பெரியவரும் இருமுறை வாசிப்பார். இப்படி எழுதலாம்: “கண்ணா மரத்தடியில் பென்சில் போல வேர்கள் நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று மிகக் குறைவு. அதனால் இந்த வேர்கள் வெளியே வந்து காற்றை எடுக்கின்றன.”

“கண்டலுக்கு உப்பு நீர்தான் பிடிக்கும்” என்று எழுத வேண்டாம். அது உப்பைத் தாங்கும் மரம், உப்பை நாடும் மரம் அல்ல. இந்த வாவியில் இரவில் ஒலி எழுப்புவதாகச் சொல்லப்படும் பாடும் மீனைச் சேர்க்காமல் விட மனம் வராது என்றால் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேருங்கள். ஆனால் ஒலி எழுப்புவது மீன் என்பாரும் ஊரி என்பாரும் உண்டு என்றே எழுதுங்கள். முடிவாகாத கேள்வியும் விஞ்ஞானத்தில் உண்டு என்று அந்த வயதிலேயே தெரிவது நல்லது.

“செய்து பார்” பக்கத்துக்கு எளிய ஒன்று: கறுப்புத் தட்டில் இரண்டு தேக்கரண்டி வாவி நீரை வெயிலில் வையுங்கள், நீர் போனதும் உப்புப் படியும். மாரியில் செய்தால் மழைநீர் கலந்திருப்பதால் உப்பு மிகக் குறைவாகவே படியும். பிள்ளை தன் மேல் பிழை என்று நினைக்காதபடி இதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

உயிரினப் பெயர் வாகரையில் ஒன்று, பொத்துவிலில் ஒன்று என மாறலாம். 16ஆம் பக்கத்தில் விஞ்ஞானப் பெயரைச் சேர்த்துவிட்டால் ஆசிரியர் தேடிக்கொள்வார். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் உள்ளன. அங்கே தாவரவியல், விலங்கியல் படிப்பிக்கும் ஒருவரிடம் படத்தையும் எழுத்தையும் சேர்த்தே காட்டுங்கள். எழுத்தை மட்டும் அனுப்பினால் படப்பிழை தப்பிவிடும். பிறகு தரம் 4 பிள்ளைகள் ஐந்தாறு பேரிடம், எழுத்தை மறைத்து, படம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அவர்கள் வேறு எதையோ சொன்னால் மாற்ற வேண்டியது படம்.

அச்சு

எழுத்து 16 முதல் 18 புள்ளி, வரி இடைவெளி அதில் ஒன்றரை மடங்கு. தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் நெருக்கினால் இரண்டும் மோதும். இருபுறமும் சமப்படுத்த வேண்டாம். நீண்ட சொற்களால் வரிக்குள் ஓட்டை விழும்.

பல அச்சகங்கள் இன்னும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்த பாமினி எழுத்துருவில்தான் வேலை செய்கின்றன. யூனிகோடிலிருந்து மாற்றும்போது ஆங்கில எழுத்தில் இருந்த அலகுகளும் விஞ்ஞானப் பெயர்களும் அர்த்தமற்ற தமிழ் எழுத்தாக மாறிவிடும். மாற்றியபின் 16ஆம் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். முடிந்தால் நீங்களே எழுத்துருவை உட்பதித்த பீடிஎப் கொடுங்கள். பக்க அளவு 148க்கு 210 மில்லிமீற்றர், வெட்டுக்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதல், எழுத்து ஓரத்திலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே. எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும். நான்கு மை கலந்த கறுப்பில் அச்சுத் தட்டு சற்று விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். திரையில் மினுங்கும் பச்சையும் நீலமும் தாளில் மங்கும். ஒரு தாளாவது அச்சடித்துப் பார்த்துவிட்டே சம்மதம் சொல்லுங்கள்.

ஓரிரு நூறு பிரதிகள் என்றால் டிஜிட்டல், ஆயிரத்தை நெருங்கினால் ஓப்செட். நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. 2ஆம் பக்கமும் பின்னட்டையும் அதற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

உள்தாள் 120 கிராம், அட்டை 250 கிராம் போதும். அட்டைக்கு வெளிப்புறம் மட்டும் லமினேற் செய்தால் மாரிக்காலத்தில் உட்புறம் ஈரம் குடித்து அட்டை சுருளும். பிரதிகளைப் பாரத்தின் கீழ் அடுக்கி வைத்தால் குறையும். சாதாரணக் கம்பி கடற்காற்றில் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் மண்ணிறக் கறை விடும், அதுவும் பெரிய படத்தின் நடுவில். துருப்பிடிக்காத கம்பி கேளுங்கள். கிடைக்காவிட்டால் நூலால் தைக்கச் சொல்லுங்கள். மூன்று துளை போதும், தடித்த பருத்தி நூல், முடிச்சு உள்பக்கம்.