வேலூர்ல சிஎம்எஸ்னா "சிஎம்சியா?"ன்னு கேப்பாங்க: முதல் வெப்சைட்டுக்கு எதை எடுக்கறது

எங்க மாமா சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்து சந்துல சின்னதா ஒரு லாட்ஜ் வெச்சிருக்காரு, 14 ரூம். வெப்சைட் ஒண்ணு போட்டு குடுடான்னாரு. நானும் அப்பதான் கத்துக்கிட்டு இருந்த புதுசு, சும்மா இருப்பேனா, பெரிய பெரிய ஆபீஸ்ங்க யூஸ் பண்ற சிஸ்டம் ஒண்ணை எடுத்து ரெண்டு மாசம் உக்காந்து செட் பண்ணி குடுத்துட்டேன். ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு போன் வருது. "இன்னாடா, ஏசி ரூம் ரேட்டை மாத்தணும், எங்க அமுக்கறது?" நான் சொல்றேன், இடது பக்க மெனுவுல போங்க மாமா, அதுக்குள்ள இன்னொரு மெனு வரும், அதுக்குள்ளன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டாரு. மறுநாள் கவுன்டர்ல புது ரேட்டை பேப்பர்ல எழுதி ஒட்டிட்டாரு, சைட்ல பழைய ரேட்டே ஆறு மாசம் கெடந்தது, அதை பாத்துட்டு கொல்கத்தால இருந்து வந்தவங்க கவுன்டர்ல சண்டை. தப்பு சிஸ்டத்து மேல இல்ல, என் மேலதான். எதுல வசதி அதிகம்னு பாத்தேனே தவிர, நாளைக்கு யாரு இதுல கை வெக்கப்போறாங்கன்னு பாக்கவே இல்ல.

சிஎம்எஸ்னா (கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) இன்னான்னு ஒரு வரில சொல்லிடறேன். எழுதற விஷயம் தனியா, டிசைன் தனியா வெச்சுக்கற சாப்ட்வேர். ரூம் ரேட் டேட்டாபேஸ்ல ஒரு ஓரமா இருக்கும், யாராவது சைட்ட தொறக்கும்போது அதை எடுத்து டிசைனுக்குள்ள வெச்சு காட்டும். அதனாலதான் கோடிங் தெரியாதவங்களும் ரேட்டை மட்டும் மாத்த முடியுது.

படி 1: கம்ப்யூட்டர தொறக்காதீங்க, ஒரு பேப்பர் எடுங்க

எத்தனை பேஜ் வேணும், வாரத்துக்கு எத்தனை தடவை மாறும், யாரு மாத்துவாங்க, போன்லயா லேப்டாப்லயா, எந்தெந்த மொழில வேணும். இவ்ளோதான். மாமா லாட்ஜுக்கு எழுதினா: நாலு பேஜ், மாசத்துக்கு ஒரு தடவை, மாமா, போன்ல, தமிழ் இங்கிலீஷ் பெங்காலி. ஆற்காடுல மக்கன் பேடா விக்கற கடைன்னா கேள்வியே வேற, அங்க ஆன்லைன்ல காசு வாங்கணுமா, பார்சல் அனுப்பணுமான்னு வந்துடும். குடியாத்தத்துல லுங்கி மொத்தமா விக்கறவருக்கு காசு வாங்கற பட்டனே தேவப்படாது, போட்டோவும் வாட்ஸ்அப் நம்பரும் போதும்.

படி 2: பேப்பரை வெச்சுக்கிட்டு சிஸ்டத்தை தேடுங்க

சும்மா எழுதிப் பாக்கணும், செலவு கூடாதுன்னா பிளாகர். கூகுளோடது, 1999லயே வந்தது, பழசுதான், ஆனா காசில்லாம ஓடும், சொந்த டொமைனும் (உங்க பேருல ஒரு வெப் அட்ரஸ்) மாட்டிக்கலாம். நாலு பேஜ், மாறவே மாறாதுன்னா கூகுள் சைட்ஸ் போதும், யாரும் கேலி பண்ண மாட்டாங்க.

விக்ஸ் மாதிரி இழுத்து இழுத்து வெக்கற சைட் பில்டர்ங்க ஆரம்பிக்க ரொம்ப சுலபம். ஒரே விஷயம், அங்க கட்டின சைட்ட அப்படியே தூக்கிட்டு வேற ஹோஸ்டிங்குக்கு (சைட்ட வெக்கறதுக்கு வாடகைக்கு எடுக்கற சர்வர் இடம்) போக முடியாது, வாடகை வீட்டுல சொந்த காசுல டைல்ஸ் போடற கதைதான். கடை, பேமென்ட், ஸ்டாக்குன்னா ஷாப்பிஃபை பாருங்க, மாசா மாசம் கட்டணும். ஜூம்லா, ட்ருபல் ரெண்டும் நல்லா பலமானது, பல மொழி வசதி உள்ளயே வரும், ஆனா முதல் சைட்டுக்கு வேணாம், நான் பட்டது போதும்.

மிச்சம் வேர்ட்பிரஸ். 2003ல வந்தது, இன்னிக்கு உலகத்துல இருக்கற சைட்டுங்கள்ல 100க்கு 40க்கு மேல இதுலதான் ஓடுது. எங்க மாட்டிக்கிட்டாலும் ஏற்கனவே ஒருத்தன் அதே இடத்துல மாட்டி வெளிய வந்திருப்பான். கெட்டதும் அதேதான், இவ்ளோ பேரு யூஸ் பண்றதால ஹேக் பண்றவனும் இதையே குறி வெப்பான், அப்டேட்டை தள்ளிப் போடாதீங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் குழம்பற இடம் ஒண்ணு: வேர்ட்பிரஸ் டாட் ஆர்க், வேர்ட்பிரஸ் டாட் காம் ரெண்டும் வேற. ஆர்க்ல கெடைக்கறது இலவச சாப்ட்வேர், ஹோஸ்டிங் நீங்க வாங்கி அதுல போடணும். காம்ங்கறது அவங்களே வெச்சு நடத்தற சர்வீஸ், இலவச பிளான் எடுத்தா உங்க பேருக்கு பின்னாடி அவங்க பேரும் ஒட்டிக்கும்.

படி 3: காசு கட்டறதுக்கு முன்னாடி கட்டிப் பாருங்க

வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட்னு தேடுங்க. பிரவுசர்லயே ஒரு முழு வேர்ட்பிரஸ் தொறக்கும், இன்ஸ்டால் கெடையாது, அக்கவுன்ட் கெடையாது. சேவ் பண்ணாம டேபை மூடினா போயிடும், அதனால என்ன வேணா ஒடைச்சு பாக்கலாம். ரேட் போட்டு ஒரு பேஜ் செய்யுங்க. அப்புறம் அதை மாத்தப்போறவங்களை கூப்பிட்டு உக்கார வெச்சு ரேட்டை மாத்த சொல்லிட்டு நீங்க வாயை மூடிக்கிட்டு பின்னாடி நில்லுங்க. இதுதான் கஷ்டம், கை பரபரன்னு வரும், சொல்லிக்குடுக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துல அவங்களா கண்டுபிடிச்சா அந்த சிஸ்டம் உங்களுக்கு ஆகும்.

படி 4: தமிழ் டெஸ்ட்

இதை யாரும் சொல்லமாட்டாங்க. செட்டிங்ஸ், பெர்மாலிங்க்ஸ், போஸ்ட் நேம்னு வெச்சுட்டு "வேலூர் முள்ளு கத்திரிக்காய்"னு தலைப்பு போட்டு பப்ளிஷ் பண்ணி லிங்க்கை பாருங்க. வேர்ட்பிரஸ்ல இந்த லிங்க் பேருக்கு 200 இடம்தான். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தா கணக்கு, ஒவ்வொண்ணும் சதவீத குறியும் நம்பருமா மாறி 9 இடம் புடிச்சுக்கும். 22 எழுத்து தாண்டினா எடம் காலி, கத்திரிக்காய்ல காயை பாதில அறுத்துடும். வாட்ஸ்அப்ல அனுப்பினா ஒரு முழம் நீளத்துக்கு குப்பையா வேற தெரியும். அதனால லிங்க்கை மட்டும் சின்னதா இங்கிலீஷ் எழுத்துல நீங்களே மாத்திடுங்க.

அடுத்தது, பிரஸ்ல நோட்டீஸ் அடிச்ச பழைய பைல்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டினீங்கன்னா இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா கொட்டும், அது பாமினி மாதிரி பழைய பான்ட், யூனிகோடுக்கு (போன்லயும் வெப்சைட்லயும் இப்ப ஓடற பொது எழுத்து முறை) மாத்திட்டுதான் ஒட்டணும். தீம் (ரெடிமேட் டிசைன்) எடுக்கும்போது "கீ", "நீ"ன்னு பெருசா தலைப்பு போட்டு பாருங்க, இங்கிலீஷுக்கு செஞ்ச சில தீம்ல மேல இருக்கற சுழி வெட்டுப்படும், டெமோல அழகா இருந்ததுன்னு ஏமாந்துடாதீங்க.

படி 5: பணம் கட்டற நேரம்

டொமைனை கடைக்காரர் பேருல, அவரோட ஈமெயில்ல எடுங்க, செஞ்சு குடுக்கறவன் பேருல வேணாம், நானா இருந்தாலும் வேணாம். முதல் வருஷ விலையை பாத்து மயங்காம புதுப்பிக்கற விலையை பாருங்க. பேக்கப் ஒண்ணு எடுத்து உங்க லேப்டாப்ல வெச்சுக்கோங்க. பிளகின் (கூடுதல் வசதிக்கு மாட்டற குட்டி சாப்ட்வேர்) கண்டபடி ஏத்தாதீங்க, லாட்ஜ் சைட்டை அப்புறம் வேர்ட்பிரஸ்ல மாத்தி செஞ்சப்ப நான் போட்டது மொழிக்கு ஒண்ணு, பேக்கப்புக்கு ஒண்ணு, அவ்ளோதான். புக்கிங் பிளகின் போடலாமான்னு கேட்டதுக்கு மாமா சிரிச்சாரு, வர்றவங்க எப்ப டிஸ்சார்ஜ் ஆவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது, இதுல தேதி எப்படிடா போடுவாங்கன்னாரு. வாட்ஸ்அப் பட்டன் வெச்சு விட்டுட்டேன்.

இப்ப ரேட்டை அவரே போன்ல மாத்தறாரு. போன வாரம் பாத்தேன், "சுடு தண்ணி காலைல 6 டு 8 மட்டும்"னு மூணு ஆச்சரியக்குறியோட முகப்பு பேஜ்ல பெருசா போட்டு வெச்சிருக்காரு. நான் கை வெக்கல.