முதல் வேலை, முதல் பேஸ்லிப்: பிரிட்டனில் டாக்ஸ் கோடைச் சரிபார்ப்பதும் ரீஃபண்ட் வாங்குவதும்

நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் (வேலை செய்பவரை வரிக் கணக்கில் அடையாளம் காட்டும் எண்) கையில் இருக்கிறது, முதல் சம்பளமும் வந்துவிட்டது, ஆனால் வரி அதிகமாகப் போனதுபோல் தெரிகிறது என்பவர்களுக்கு இந்த விளக்கம்.

படி 1: டாக்ஸ் கோட் என்ன என்று படியுங்கள்

பேஸ்லிப்பில் (சம்பளச் சீட்டில்) 'டாக்ஸ் கோட்' என்ற இடத்தைப் பாருங்கள். உங்களிடம் எவ்வளவு வரி பிடிப்பது என்று நிறுவனத்துக்குச் சொல்லும் குறியீடு அது. ஒரே வேலை செய்யும் பெரும்பாலானோருக்கு 1257எல் இருக்கும். வருடத்துக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி இல்லை என்று பொருள். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். வேல்ஸில் வசித்தால் முன்னால் சி, ஸ்காட்லாந்தில் எஸ். பிஆர் என்று இருந்தால் விலக்கே இல்லை, முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிப்பார்கள். 0டி (0T) என்றாலும் விலக்கு கிடையாது.

படி 2: கோடின் வாலைப் பாருங்கள்

பலர் 1257எல் என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அதன் பின்னால் எம்1, டபிள்யூ1, எக்ஸ் இவற்றில் ஏதாவது ஒட்டியிருந்தால் அது எமர்ஜென்சி கோட். இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

வரி வருடம் ஏப்ரல் 6-இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-இல் முடிகிறது. 12,570-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 1,047.50 பவுண்டு விலக்கு. வாலில்லாத 1257எல்-இல், நீங்கள் வேலை செய்யாத மாதங்களின் விலக்கும் சேர்ந்துகொண்டே வரும். எம்1 இருந்தால் ஒவ்வொரு மாதமும் தனித்தனி. பழைய மாதங்களைச் சம்பளக் கணக்கு திரும்பிப் பார்க்காது.

இங்கிலாந்தில் ஒருவர் செப்டம்பரில் சேர்கிறார், மாதச் சம்பளம் 2,000 பவுண்டு, மாதக் கடைசியில் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசி என்பது வரி வருடத்தின் ஆறாவது மாதம். அதற்குள் அவருக்கு 6,285 பவுண்டு விலக்கு சேர்ந்திருக்கும். வாங்கியதோ 2,000. எனவே வருமான வரி பூஜ்யம். ஜனவரி வரை அப்படியேதான். பிப்ரவரியில் முதல்முறையாக ஏறத்தாழ 95 பவுண்டும் மார்ச்சில் 190 பவுண்டும் பிடிப்பார்கள். எம்1 என்றால் முதல் மாதமே 190, பிறகு மாதாமாதம் 190. மார்ச் முடிவில் கூட்டிப் பார்த்தால் 1,047 பவுண்டு கூடுதலாகப் போயிருக்கும். முதல் வேலையில் இருப்பவருக்கு இது சின்னத் தொகை அல்ல.

படி 3: ஸ்டார்டர் செக்லிஸ்ட்

பழைய வேலையின் பி45 (வேலையை விடும்போது நிறுவனம் தரும் சான்று) இல்லாதவர்கள் நிரப்ப வேண்டிய படிவம் இது. ஏ, பி, சி என்று மூன்று வாசகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏப்ரல் 6-க்குப் பிறகு இதுதான் முதல் வேலை, வரிக்குட்பட்ட அரசு உதவித்தொகையோ பென்ஷனோ வாங்கவில்லை என்றால் ஏ. வாலில்லாத 1257எல் வரும். அதே வருடத்தில் வேறு வேலை பார்த்து விட்டுவிட்டீர்கள், இப்போது இது ஒன்றுதான் என்றால் பி, எம்1 ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வேலையோ பென்ஷனோ இன்னும் தொடர்கிறது என்றால் சி, பிஆர் வரும். படிவத்தையே கொடுக்காவிட்டால் 0டி எம்1: மேலே சொன்ன 2,000 பவுண்டில் 400 போய்விடும்.

கோடை விடுமுறையில் வேலை பார்த்த மாணவர்கள் அதை மறந்து ஏ-வை டிக் செய்துவிடுகிறார்கள். விலக்கு இரண்டு முறை கணக்கானால், குறைவாகப் பிடித்த வரியை வரித்துறை பின்னால் கேட்டு வாங்கும். பி45 கையில் இருந்தால் கொடுத்துவிடுங்கள். செக்லிஸ்டைவிட அதுவே நல்லது, பழைய சம்பளமும் வரியும் அதிலேயே இருக்கின்றன.

படி 4: திருத்துவது

நிறுவனத்தின் சம்பளப் பிரிவோடு வாதாடிப் பயனில்லை. பிரிட்டனின் வரித்துறையான எச்எம்ஆர்சி புதிய கோட் அனுப்பினால்தான் அவர்கள் மாற்றுவார்கள். எச்எம்ஆர்சியின் இலவச ஆப் இருக்கிறது; தொலைபேசியில் காத்திருப்பதைவிட அதையே பரிந்துரைப்பேன். உள்ளே போய் உங்கள் வேலை விவரம் சரியா என்று பார்த்து, தவறை அங்கேயே திருத்துங்கள். புதிய கோட் நிறுவனத்துக்கே நேராகப் போகும்.

படி 5: பணம் எப்படி வரும்

வரி வருடத்துக்குள் கோட் சரியானால், கூடுதலாகப் பிடித்தது அடுத்த சம்பளத்தோடு வரும். அந்த மாதச் சம்பளக் கணக்கை ஏற்கெனவே முடித்திருந்தால் அதற்கடுத்த மாதம். வருடம் முடிந்துவிட்டால் எச்எம்ஆர்சி கணக்குப் பார்த்து பி800 என்ற கடிதம் அனுப்பும். அதை வைத்து ஆன்லைனில் கேட்டுப் பெறலாம். வேலையை விட்டு, குறைந்தது நான்கு வாரம் வேறு வேலை இல்லையென்றால் பி50 படிவம். கேட்பதற்கு, அந்த வரி வருடம் முடிந்ததிலிருந்து நான்கு வருடம் அவகாசம் உண்டு. மே 31-க்குள் நிறுவனம் கொடுக்கும் பி60-ஐ (வருடச் சம்பளமும் வரியும் காட்டும் சான்று) அதுவரை பத்திரமாக வையுங்கள்.

ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம் என்று கமிஷன் கேட்கும் கம்பெனிகள் வேண்டவே வேண்டாம். நீங்களே இலவசமாகச் செய்யக்கூடிய வேலை இது. ரீஃபண்ட் வந்திருக்கிறது, இணைப்பை அழுத்துங்கள் என்று குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது

நேஷனல் இன்சூரன்ஸ் (அரசு பென்ஷன் போன்றவற்றுக்காகச் சம்பளத்தில் தனியாகப் பிடிக்கும் தொகை) இந்தக் கணக்கில் வராது. 2024 ஏப்ரல் முதல், மாதம் 1,048 பவுண்டுக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு 8 சதவீதம் பிடிக்கிறார்கள். அது சம்பளத்துக்குச் சம்பளம் தனிக்கணக்கு. வருடத்தில் பாதி வேலையில்லை என்பதற்காகத் திரும்பாது. மேலே சொன்னவருக்கு மாதம் 76 பவுண்டு, கோட் சரியானாலும் போகத்தான் செய்யும்.

பழைய வேலையை விட்டும் அது ஆப்பில் இன்னும் நடப்பதாகக் காட்டினால், விலக்கு முழுவதும் அங்கேயே மாட்டிக்கொண்டு புதிய வேலைக்கு பிஆர் வந்துவிடும். கடைசி வேலை நாளைப் பதிந்து அதை முடித்துவிட்டால் சரியாகிவிடும். உண்மையிலேயே இரண்டு வேலை, ஒன்றில் மட்டும் 12,570-ஐத் தொடமாட்டீர்கள் என்றால், விலக்கை இரண்டுக்கும் பிரித்துத் தரச்சொல்லி எச்எம்ஆர்சியிடம் கேளுங்கள்.